விரல் நுனியில் ஒரு மின்னல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் காட்டப்படும் பழைய சோதனை ஒன்று உண்டு. கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்து, தங்க இலை மின்காட்டியின் தட்டருகே கொண்டு சென்றால், உள்ளே தொங்கும் இரு மெல்லிய இலைகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரிய வேண்டும். புத்தகத்துப் படத்தில் அவை அழகாக விரிகின்றன. சென்னையில், அதிலும் ஐப்பசி மழைக்காலத்துச் சென்னையில், அவை அசைவதற்கே அடம் பிடிக்கின்றன. விரிந்தாலும் சற்று நேரத்தில் சோர்ந்து தொங்கிவிடுகின்றன. கோலையும் துணியையும் மேசை விளக்கின் சூட்டில் நன்றாகக் காட்டி எடுத்தால்தான் கொஞ்சம் உயிர் வருகிறது. கடற்காற்றின் ஈரம் கண்ணாடியின்மேல் கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்படலமாகப் படிந்து, நாம் தேய்த்துத் தேய்த்துச் சேர்த்த மின்னூட்டத்தைச் சந்தடியில்லாமல் வடித்துவிடுவதே இதற்குக் காரணம்.

இச்சோதனையைக் கண்டு வெளியே வரும் மாணவன் மனத்தில் ஒரு முடிவு வேரூன்றிவிடுகிறது. நிலைமின்சாரம் என்பது கம்பளம் விரித்த குளிர்நாட்டு வீடுகளின் தொல்லை. கசகசவென்று வியர்க்கும் நம் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே அம்முடிவு. இது பாதி உண்மை. மற்றப் பாதி பொய்யாக இருப்பதனால்தான் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இணையக் கருவிகள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருக்கின்றன என்பது என் கருத்து.

இதற்குச் சான்று தேடி நான் வெளிநாட்டு நூல்களுக்குப் போக வேண்டியிருக்கவில்லை. என் அம்மா தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கும் வேலையில் இருக்கிறார். குளிர்பதனம் செய்யப்பட்ட மாடியில் நாள் முழுவதும் வாடிக்கையாளர் கலைத்துப் போட்ட புடவைகளை உதறி மடிக்க வேண்டும். செயற்கை இழைப் புடவையை உதறும்போது கையில் 'சுருக்'கென்று குத்தும். கைமயிர் எழுந்து நிற்கும். புடவை முழங்கையோடு ஒட்டிக்கொள்ளும். "நூல் புடவை ஒண்ணும் பண்ணாதுடா. இந்தப் பாலியஸ்டர்தான் புடிச்சு இழுக்கும். அதுவும் ஏ.சி. நல்லா ஓடுற நேரத்துலதான்" என்று அவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் உறிஞ்சாது, குளிர்பதனம் காற்றை உலர்த்திவிடும் என்னும் மூன்று உண்மைகளும் அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கியுள்ளன. பள்ளிப் படிப்பைத் தாண்டாத அம்மா சொன்னதற்குப் பொருள் சொல்ல எனக்குப் பட்டப்படிப்பின் முதலாண்டு தேவைப்பட்டது.

அந்தப் புடவை அறை இருக்கும் அதே கட்டடத்தில், பெரும்பாலும் மாடிப்படியின் அடியிலோ ஒரு மூலைத் தடுப்பிலோ, இரும்பு அடுக்கொன்றில் வலையமைப்புக் கருவிகள் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். பில் போடும் கணிப்பொறிகள், கண்காணிப்புக் கேமராக்கள், அட்டை தேய்க்கும் பொறிகள் ஆகிய அனைத்தும் அங்கே வந்து கூடுகின்றன. நம்முடன் படிப்போரில் சிலர் மாலை நேரத்தில் இக்கருவிகளைப் பொருத்தும் வேலைக்குத்தான் போகிறார்கள். கம்பி இழுப்பது, கேமரா மாட்டுவது, பழுதான சுவிட்சைக் கழற்றி மாற்றுவது என்று தொழில் கற்றுக்கொண்டே கல்லூரிக் கட்டணத்துக்கும் வழி தேடிக்கொள்கின்றனர். ஒரு கார்டு வேலை செய்யாமற்போனால், கடைசியாக அதைத் தொட்டவன் கூலியில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் உள்ள இடங்களும் உண்டு. என் நண்பன் ஒருவனுக்கு இரண்டு வாரக் கூலி அப்படிப் போயிற்று. அவன் கையால்தான் அது கெட்டதா, வேறு காரணமா என்று சொல்ல அங்கே எவருக்கும் தெரியவில்லை. தெரியாதபோது பழி இளையவன்மேல் விழுவது உலக வழக்கம்தானே. ஆகவே, இந்தப் பொருளைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அளவுகளைக் காண்போம். நாம் நடக்கும்போது காலணியும் தரையும் தொட்டுத் தொட்டுப் பிரிகின்றன. நாற்காலியிலிருந்து எழும்போது உடையும் இருக்கையும் பிரிகின்றன. இருவேறு பொருள்கள் தொட்டுப் பிரியும் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சிறிதளவு எலெக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. தேய்த்தல் என்பது இந்தத் தொடுதலைப் பன்மடங்காக்குவதே. நம் உடல் ஒரு கடத்தி, காலணியோ காப்பான். எனவே சேர்ந்த மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியின்றி உடலிலேயே தங்குகிறது. மனித உடலைச் சுமார் 100 பிக்கோஃபாரடு மின்தேக்கியாகவும், விரல் வழியாகப் பாயும்போது 1500 ஓம் தடையாகவும் கொள்வது பொறியாளர் வழக்கம். உடலில் 3000 வோல்ட் ஏறியிருக்கும்போது ஓர் உலோகத்தைத் தொட்டால் தொடக்கத்தில் 2 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். ஆனால் அது வடிந்துபோகும் கால அளவு, ஒரு வினாடியைக் கோடிப் பங்காக்கி அதில் ஒன்றரைப் பங்கு. ஆற்றலோ அரை மில்லி ஜூலுக்கும் குறைவு. அதனால்தான் நாம் 'சுருக்' என்று உதறிவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறோம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஏறத்தாழ 3000 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் அந்தச் சுருக்கையே மனிதத் தோல் உணர்வதில்லை. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980இல் வெளியிட்ட கையேடு ஒன்றிலுள்ள பட்டியல் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. ஈரப்பதம் 10 முதல் 20 விழுக்காடாக உள்ள உலர்காற்றில் கம்பளத்தின்மேல் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். வினைல் தரையில் நடந்தால் 12,000. மேசைமீது கிடக்கும் சாதாரணப் பாலிதீன் பையைக் கையில் எடுத்தால் 20,000. ஈரப்பதம் 65 முதல் 90 விழுக்காடாக இருந்தால் இவை முறையே 1500, 250, 1200 வோல்ட்டுகளாகக் குறைகின்றன. நம் ஊர்க்காற்று இரண்டாவது வரிசையைச் சேர்ந்தது. எவ்வளவு குறைவு என்று மகிழ்வதற்குமுன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த 1200 வோல்ட்டை நம்மால் உணர முடியாது. ஆனால் நுண்சில்லுகளில் பலவற்றுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். சுருக்கென்று குத்தினால் கெட்டது, குத்தாவிட்டால் நல்லது என்னும் கணக்கு இங்கே செல்லாது.

ஏன் இவ்வளவு மென்மை? 1960ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் முகமது அட்டல்லா, டாவன் காங் ஆகிய இருவரும் செய்துகாட்டிய புலவிளைவு டிரான்சிஸ்டரின் வழித்தோன்றல்களே இன்றைய சில்லுகள். அதன் வாயில் முனைக்கும் கீழே உள்ள சிலிக்கானுக்கும் இடையே சிலிக்கான் ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. அதுதான் காப்பான். அப்படலம் 1 நானோமீட்டர் கனத்துக்குச் சுமார் 1 வோல்ட் தாங்கும். சில நானோமீட்டர் கனமே உள்ள படலம் சில வோல்ட்டுகளையே தாங்கும் என்பது தானே விளங்கும். நம் தலைமயிரின் பருமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவில் இருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். சில்லின் கால்களில் காப்பு டையோடுகள் வைத்து ஆயிரம், இரண்டாயிரம் வோல்ட் வரை தாங்கும்படி செய்வதும் உண்டு. ஆனால் வலையமைப்புக் கருவிகளில் ஒரு சங்கடம். காப்பு டையோடு தானும் ஒரு சிறு மின்தேக்கியாக நடந்துகொள்வதால், வினாடிக்கு நூறு கோடி, ஆயிரம் கோடித் துடிப்புகள் செல்ல வேண்டிய பாதையை அது மந்தமாக்குகிறது. ஆகவே வேகம் கூடக் கூட அந்தக் கால்களில் காப்பைக் குறைத்தே வைக்க நேர்கிறது. ஒளியிழைக் கம்பியின் முனையில் செருகும் சிறு தொகுதிக்குள் இருக்கும் லேசர் டையோடு இவ்வகையில் மிகவும் நோஞ்சான்.

பழைய காலத்து இணைப்பகங்களுக்கு இந்தக் கவலை இல்லை. 1882 ஜனவரியில் கல்கத்தா, பம்பாய் நகரங்களோடு மதராசிலும் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. அப்போதும், பிறகு நெடுங்காலம் இயங்கிய ரிலே இணைப்பகங்களிலும், தாமிரமும் பித்தளையும் இரும்பும்தான் வேலை செய்தன. தொடுமுனைகளில் பொறி பறப்பது அவற்றின் அன்றாட வாழ்க்கை. மின்னணு இணைப்பகங்கள் வந்தபோதுதான் குளிர்பதன அறையும், காலணி கழற்றும் வழக்கமும், கார்டைத் தொடுவதற்கு முறையும் வந்தன. 1984இல் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனம், குளிர்பதனம் இல்லாமலேயே நம் கிராமத்து வெயிலிலும் தூசியிலும் ஓடக்கூடிய 128 இணைப்புச் சிற்றிணைப்பகத்தை உருவாக்கி, 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக இயக்கியது. நாட்டின் தட்பவெப்பத்தை மனத்தில் கொண்டு கருவியைச் செய்வதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு. இன்று நம் கையில் வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை நம் தட்பவெப்பத்தை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எனவே அவற்றுக்கு நாம் அறை அமைத்துக் குளிரூட்ட வேண்டியிருக்கிறது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். வெளியே 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள சென்னைக் காற்று உள்ளே நுழைகிறது. குளிர்பதனப் பொறியின் சுருளில் அது 10 டிகிரி வரை குளிர்ந்து, மிகுதியான நீரை அங்கேயே விட்டுவிடுகிறது என்று கொள்வோம். வீட்டுச் சுவரோரம் குழாயில் சொட்டுகிறதே, அந்த நீர்தான். மிச்சமுள்ள ஈரத்தோடு அந்தக் காற்று அறையில் 24 டிகிரிக்கு வரும்போது அதன் ஈரப்பதம் சுமார் 41 விழுக்காடு. அதே காற்று கருவிகளின் வழியே புகுந்து, சூடேறி, அடுக்கின் பின்புறம் 35 டிகிரியாக வெளிவரும்போது ஈரப்பதம் 22 விழுக்காடுதான். பழுது பார்ப்பவர் கைகள் பெரும்பாலும் அந்தப் பின்புறத்தில்தான் இருக்கின்றன. வெளியே மெரினாக் கடற்காற்று; கதவுக்கு உள்ளே, அடுக்குக்குப் பின்னே, ஏறத்தாழப் பாலைவனம். இன்னொன்றும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசி, கடற்காற்று வரத் தாமதமாகும் நாள்களில் நம் நகரத்துத் திறந்த வெளியிலேயே ஈரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

அப்படியானால் அறைக்குள் ஈரத்தைக் கூட்டலாமே என்று கேட்கத் தோன்றும். நூற்பாலைகளில் அதைத்தான் செய்கிறார்கள். இழை ஒட்டாமலும் அறாமலும் இருக்கக் காற்றில் நீர்த்துளி தெளிக்கிறார்கள். ஆனால் பெசன்ட் நகரிலும் சாந்தோமிலும் சன்னல் கம்பி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதைப் பார்த்தவர்கள், உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் பொன்முலாம் பூசிய தொடுமுனைகளுக்கும் என்ன நேரும் என்பதை எளிதில் ஊகிப்பர். மேலும், கணிப்பொறி அறைகளின் காற்றுநிலைக்கு விதி வகுக்கும் ஆஷ்ரே என்னும் அமெரிக்கப் பொறியாளர் சங்கம், 2004இல் 40 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் வேண்டுமென்று பரிந்துரைத்தது. பின்னர் கீழ் எல்லையைப் படிப்படியாகத் தளர்த்திக்கொண்டே வந்தது. கருவியும் அதைத் தொடும் மனிதனும் முறையாகத் தரைத்தொடர்பு பெற்றிருந்தால் உலர்காற்று பெரிய தீங்கு செய்வதில்லை என்பதே அத்தளர்வுக்கு அடிப்படை. ஈரத்தை நம்பியிருப்பதைவிட எர்த்தை நம்புவது மேல்.

சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள். மருந்து அறைக்குள் நுழையும் தொழிலாளி, தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்; நைலான், பாலியஸ்டர் உடை கூடாது, பருத்தியே உடுத்த வேண்டும் என்பது அங்கே பாதுகாப்பு விதி. அங்கே ஒரு பொறி உயிரைக் குடிக்கும். இங்கே ஒரு சுவிட்சைக் குடிக்கும். அவ்வளவுதான் வேறுபாடு, இயற்பியல் ஒன்றே.

சில்லைத் தாக்கும் வழிகள் மூன்று. நம் உடலில் சேர்ந்தது சில்லுக்குள் பாய்வது முதல் வழி, அதைப் பார்த்தோம். இரண்டாவது, கார்டே மின்னூட்டம் பெற்று, பிறகு ஓர் உலோகத்தைத் தொடும்போது இழப்பது. பிளாஸ்டிக் உறையிலிருந்து கார்டை வழுக்கி எடுத்து அப்படியே இரும்பு அடுக்கில் செருகும்போது இது நேரும். மூன்றாவது மிகவும் வஞ்சகமானது. மின்காட்டிச் சோதனையை மறுபடி நினைத்துப் பாருங்கள். கோல் தட்டைத் தொடாமலே, அருகே வந்ததும், இலைகள் விரியும். அதற்கு மின்தூண்டல் என்று பெயர். அதுபோலவே, பெட்டியிலிருந்து உருவிய தெர்மகோல் பலகை மேசையில் கிடக்க, அதனருகே ஒரு கார்டை வைத்து, அந்தக் கார்டின் ஏதோ ஒரு முனையை நாம் தொட்டால் போதும். தெர்மகோலைக் கார்டு தொட வேண்டியதே இல்லை. புதிய கருவி வந்திறங்கிய நாளில் மேசை முழுவதும் தெர்மகோலும் பாலிதீனும் பரப்பிவைத்து வேலை பார்ப்பதை நான் பல இடங்களில் கண்டிருக்கிறேன். அவற்றை முதலில் அப்புறப்படுத்திவிட்டு வேலையைத் தொடங்குவதற்கு ஒரு காசு செலவில்லை.

இவற்றோடு, வலையமைப்புத் தொழிலுக்கே உரிய நான்காவது ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஈதர்நெட் கம்பியை பி.வி.சி. குழாய்க்குள் இழுக்கும்போது அதன் மேலுறை குழாயோடு நெடுந்தூரம் உரசுகிறது. உள்ளே இருக்கும் எட்டுச் செப்பு இழைகளிலும் மின்னூட்டம் தூண்டப்படுகிறது. இருமுனையும் எதிலும் செருகப்படாமல் கிடக்கும் கம்பி ஒரு நீளமான மின்தேக்கி; காப்புறை எவ்வளவு தரமானதோ அவ்வளவு நேரம் அது மின்னூட்டத்தைக் காத்து வைத்திருக்கும். மயிலாப்பூர் மாடவீதிகளைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் மூன்று மாடிக்குக் கம்பி இழுத்து, முனையில் கிளிப்பை அடித்து, உடனே சுவிட்சில் செருகுகிறோம். கம்பி சேர்த்துவைத்த அனைத்தும் அந்த ஒரு துளை வழியே பாய்கிறது. ஈதர்நெட் துளைகளுக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி 1500 வோல்ட் வரை தாங்கிப் பிரித்து வைக்க வேண்டும் என்பது விதிதான். ஆயினும் திடீரென்று பாயும் துடிப்பு மின்மாற்றியைத் தாண்டி ஓரளவு உள்ளே கசியத்தான் செய்யும். எட்டுத் துளையில் ஒரு துளை மட்டும் செத்துக் கிடக்கும் சுவிட்சுகள் பலவற்றின் பின்கதை இதுவாக இருக்கலாம். புதிதாக இழுத்த கம்பியைச் செருகுமுன் அதன் எட்டு முனைகளையும் எர்த் செய்யப்பட்ட உலோகத்தோடு ஒருமுறை தொட வைத்தால் இந்தத் தொல்லை தீரும். கம்பியின் மறுமுனை எதிலும் செருகப்படாமல் இருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும்.

செத்துப்போவதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. அது குற்றுயிராகக் கிடப்பது. ஆக்சைடு படலத்தில் முழுத் துளை விழாமல் ஒரு கீறல் மட்டும் விழுந்தால், கருவி அன்று வேலை செய்யும், சோதனையிலும் தேறிவிடும். மூன்று மாதமோ ஆறு மாதமோ கழித்து, வெயில் ஏறிய ஒரு நாளில், இணைப்பு விட்டு விட்டு வரத் தொடங்கும். உள்ளே கரையான் அரித்த நிலைக்கதவு வெளியே சாயம் மின்ன நிற்பது போன்றது இது. அப்போது அங்கே வேலை பார்ப்பவன் வேறொருவன், பழி அவனுக்கு. 'நான் இத்தனை வருஷமாக வெறுங்கையால்தான் தொடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்லும் மூத்த தொழிலாளியின் பேச்சை ஏற்க முடியாததற்குக் காரணமும் இதுவே. ஆகியிருக்கும், அவர் வீட்டுக்குப் போன பிறகு ஆகியிருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொள்கிறது. கெட்ட கருவிகளையெல்லாம் 'இடி விழுந்தது' என்று ஒரே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மொட்டை மாடிவழியாக ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செப்புக் கம்பி போயிருந்தால் இடி உண்மையான காரணமாக இருக்கக்கூடும். அதற்கு மருந்து அந்த இடத்தில் ஒளியிழைக் கம்பி போடுவது. கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் கார்டு, நேற்றுக் கழற்றி மாட்டிய பிறகு கெட்டால் இடியைக் குறை சொல்வது நியாயமில்லை.

இனி, காத்துக்கொள்ளும் முறை. அதன் சாரம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கையிடம் இருக்கிறது. காக்கைக்கும் கம்பிக்கும் மின்னழுத்தம் ஒன்றாக இருப்பதால் அதன் வழியே எதுவும் பாய்வதில்லை. நாமும், நாம் தொடும் கருவியும், கார்டும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்துவிட்டால் பாய்வதற்கு ஏதுமில்லை. இதற்காகச் செய்யப்பட்டதே மணிக்கட்டுப் பட்டை. கைக்கடிகாரம் போல் தோலோடு ஒட்டிக் கட்டிக்கொள்ளும் பட்டை, அதிலிருந்து சுருள்கம்பி, முனையில் முதலைக் கவ்வி. ரிச்சி தெருவில் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள் கிடைக்கிறது. கவ்வியைச் சாயம் பூசாத வெற்று உலோகத்தில், அதாவது எர்த் செய்யப்பட்ட இரும்பு அடுக்கிலோ கருவியின் உலோக உடலிலோ மாட்ட வேண்டும். பெரிய சுவிட்சுகளில் அதற்கென்றே ஒரு துளை வைத்திருப்பார்கள். சட்டைக் கையின்மேல் கட்டினால் பயனில்லை. கம்பியே இல்லாத பட்டை ஒன்றும் கடைகளில் விற்கிறது. அது வெறும் அலங்காரம், மின்னூட்டம் போக அதில் வழியில்லை.

இதற்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், ஒரு செப்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொண்டால் ஆகாதா என்று கேட்போர் உண்டு. ஆகவே ஆகாது! பட்டையின் கம்பிக்குள் 10 லட்சம் ஓம் தடை ஒன்று மறைந்திருக்கிறது. தற்செயலாக மறு கை 230 வோல்ட் முனையைத் தொட்டுவிட்டால், இந்தத் தடை இருப்பதால் 0.23 மில்லி ஆம்பியர்தான் உடலில் பாயும்; அது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. வெறும் செம்பாக இருந்து, வியர்த்த உடலின் தடை 1000 ஓம் என்று கொண்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். அது ஆளைக் கொல்லும். நிலைமின் வடிவதற்கோ அந்தப் பெரிய தடை ஓர் இடையூறே அல்ல; 100 பிக்கோஃபாரடு மின்தேக்கி அதன் வழியே ஆயிரத்தில் ஒரு வினாடிக்குள் காலியாகிவிடும். எத்தனை அழகான கணக்கு! தடை இருந்தும், திறந்த நிலையில் மின்சாரம் ஓடும் மின்வழங்கியின் உட்புறத்தைத் தொடும்போது பட்டை கூடாது. அதை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

பட்டை எவ்வளவு நல்லதாயினும் அது போய்ச் சேரும் எர்த் நன்றாக இருந்தாக வேண்டும். நம் நகரத்துப் பழைய வாடகைக் கட்டடங்களில் மூன்றாவது துளை பல இடங்களில் வெறும் துளைதான். பின்னால் கம்பியே இருக்காது. இருந்தாலும், கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழியில் கோடைக்காலத்தில் ஒருவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. எலக்ட்ரீஷியனைக் கொண்டு ஆண்டுக்கொருமுறை எர்த்தைச் சோதிப்பது அவசியம். எர்த் கிடைக்காத இடத்தில் வேலை செய்ய நேர்ந்தால், கவ்வியைக் கருவியின் உலோக உடலிலேயே மாட்டிக்கொண்டால் குறைந்தபட்சம் நாமும் கருவியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்போம். முழுக்காப்பு அன்று, முக்கால் காப்பு.

பைகளைப் பற்றியும் ஒரு சொல். கார்டுகள் வரும் இளஞ்சிவப்புப் பை தானாக மின்னூட்டம் உண்டாக்காது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கவும் செய்யாது. வெள்ளி நிறத்தில் பளபளக்கும் பைக்குள் மெல்லிய உலோகப் படலம் இருப்பதால் அதுவே உண்மையான கவசம்; மூடிய உலோகக் கூட்டுக்குள் மின்புலம் நுழையாது என்ற ஃபாரடேயின் கண்டுபிடிப்பு அங்கே வேலை செய்கிறது. கார்டை அந்தப் பைக்குள் வைத்தால்தான் கவசம். பையை விரித்து அதன்மேல் கார்டை வைப்பதில் பயனில்லை. செருகும் நிமிடம் வரை பையிலிருந்து எடுக்காமலிருப்பதும், எடுத்தால் ஓரங்களைப் பிடித்து, பொன்னிறப் பற்களைத் தொடாமலிருப்பதும், கழற்றிய பழைய கார்டையும் அதே மரியாதையோடு பைக்குள் வைப்பதும் பழக்கத்தில் வர வேண்டியவை. பழையதுதானே என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டால், பழுது பார்த்துத் திரும்ப வேண்டிய கார்டு பழுது பார்க்க முடியாததாகிவிடும். தூசி தட்ட வீட்டுத் தூசி உறிஞ்சியைக் கொண்டுவருவதும் தவறு. பிளாஸ்டிக் குழலுக்குள் விரையும் தூசிக் காற்று அக்குழலையே ஒரு மின்பொறியாக்கிவிடும்.

பட்டை உழைக்கிறதா என்று அறியாமல் கட்டிக்கொண்டிருப்பது, திரியில்லாத விளக்கை ஏந்திக்கொண்டு நடப்பது போலத்தான். சுருள்கம்பி உள்ளே அறுந்திருக்கும், வெளியே தெரியாது. மல்டிமீட்டரைத் தடை அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைப் பட்டையின் உட்புற உலோகத்திலும் மறுமுனையைக் கவ்வியிலும் தொட்டால் ஏறத்தாழ 1 மெகா ஓம் காட்ட வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. பூச்சியம் காட்டினால் உள்ளே தடையே இல்லாத போலிப் பட்டை, அதை உடனே தூக்கி எறிய வேண்டும். நம் இயற்பியல் ஆய்வகத்து மல்டிமீட்டர்கள் இதற்குப் போதுமானவை. மாலை வேலைக்குப் போகும் நண்பர்கள் தங்கள் பட்டைகளைக் கொண்டுவந்தால், செய்முறை வகுப்பு முடிந்த பின் அளந்து பார்த்துக்கொள்ள எங்கள் பேராசிரியர் இசைந்திருக்கிறார்.